இரண்டாவது பிரேக்

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். என் பயிற்சிக் காரில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று கற்றுக்கொள்பவரின் காலடியில், இன்னொன்று பக்கத்து இருக்கையில் என் காலடியில். இந்தத் தொழிலில் சிலர் இரண்டாவது பிரேக் இருப்பதைப் பற்றி மூச்சே விடமாட்டார்கள். சொன்னால் அலட்சியம் வந்துவிடுமாம். நான் முதல் நாளே காட்டிவிடுவேன். அதைப் பார்த்த பிறகுதான் அவர்கள் ஸ்டியரிங்கைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடிப்பதை விடுவார்கள்.

இதில் ஒரு தொழில் வியாதியும் உண்டு. எங்கள் வீட்டுக் காரில் என் கணவர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்தாலும் கால் சும்மா இருக்காது. முன்னால் போகும் பஸ்ஸை அவர் நெருங்கும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்துத் தொலைப்பேன். பின் சீட்டிலிருந்து என் மாமியார், "மிதி, மிதி. கார்ல ஓட்டை விழுந்தாத்தான் அடங்குவ" என்பார்.

அப்படி வாய்க்கு வாய் பேசுகிற மனுஷி, இதய வால்வை மாற்றி ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து அடங்கிப் போயிருந்தார். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், படுக்கச் சொன்னால் படுப்பார். என்னிடம் சண்டைகூடப் போடுவதில்லை. உடம்பு தேற நாளாகும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதம். "ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வாங்க. இப்பவே போங்க" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு வாரக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் வாங்கினோம். அந்த வாரம் நாத்தனார் வந்து மாமியாரோடு தங்குவதாக ஏற்பாடு. டிக்கெட் போட்டுக்கொடுத்த டிராவல்ஸ் பெண், பயண இன்சூரன்ஸும் வேண்டுமானால் சீக்கிரம் சொல்லச் சொன்னாள். கடைசி நேரத்தில் போக முடியாமல் போனால் கப்பல்காரன் ஒரு பைசா திருப்பித் தரமாட்டானாம்.

எடுத்துவிடலாம் என்றேன் நான். என் கணவர் பிடி கொடுக்கவே இல்லை.

அவர் பல் செட் செய்கிறவர். பாதி ஊர் சிரிப்பது அவர் கைவேலையால்தான். ஆனால் அவர் வாயைத் திறக்க வைக்க மட்டும் யாராலும் முடியாது. வீட்டில் கேட்டால் நழுவுகிறார் என்று அவருடைய லேபுக்கே போய் நின்றேன். மேஜை நிறைய மெழுகுப் பற்கள் என்னைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தன.

"இன்சூரன்ஸ் விஷயம் என்னாச்சு?"

"இன்னும் கப்பல்ல காலே வைக்கல. அதுக்குள்ள அபசகுனமா அது ஆயிடும், இது ஆயிடும்னு..."

"ஆகாம இருக்கத்தான் எல்லாரும் வேண்டிக்கிறாங்க. ஆனா என்ன பண்றது? காசுக்காகப் பார்க்கிறீங்களா? சொல்லித் தொலைங்க."

"காசு இல்ல."

"பின்ன?"

ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து ஊதினார், தேய்த்தார், மறுபடி ஊதினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலையில் டிராவல்ஸ் பெண்ணே போன் பண்ணினாள். என் கணவர் ஈரக் கையோடு இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டுச் சமையலறை மேஜைமேல் வைத்தேன். மேஜையின் மறுபக்கத்தில் மாமியார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"சார், வீட்ல யாருக்காவது உடம்பு முடியாம நீங்க போக முடியலைன்னாலும் இதுல பணம் கிடைக்கும்" என்றாள் அந்தப் பெண். "ஆனா வீட்ல பெரிய ஆபரேஷன் ஆனவங்க யாராவது இருந்தா, இப்ப நல்லா இருக்காங்கன்னு அவங்க டாக்டர் சொல்லணும். அப்படி யாராவது இருக்காங்களா சார்?"

"அம்மா" என்றார் இவர். குரலே எழும்பவில்லை.

"கடைசியா எப்ப சார் செக்கப்புக்குப் போனாங்க?"

இவர் கையைத் துண்டால் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். ஆபரேஷன் செய்த டாக்டர் ஆறு மாதத்தில் வரச் சொல்லியிருந்தார். நான் கேட்டபோதெல்லாம் இவர், "தேதி தள்ளிப் போயிருக்கு, அவங்களே கூப்பிடுவாங்க" என்றிருந்தார். நானும் நம்பியிருந்தேன். இப்போது அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கட்டுக்கதை என்று புரிந்தது.

மாமியார்தான் பட்டாணியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"போகவே இல்லம்மா. டாக்டர்தான் கைவிட்டுட்டாரே, அப்புறம் போய் என்ன பண்றது?"

"யாரும்மா சொன்னா?" என்று கத்திவிட்டார் என் கணவர்.

"யாரும் சொல்லல. ஆறு மாசத்துல வாங்கன்னு டாக்டர் சொன்னது என் காதுலயும்தான் விழுந்தது. மாசம் ஓடிப் போச்சு. நீ அந்தப் பேச்சையே எடுக்கல. செக்கப்னு நான் ஆரம்பிச்சாலே எழுந்து போயிடுற. கூட்டிட்டுப் போயும் பிரயோஜனமில்லைன்னு உன்கிட்டச் சொல்லிட்டாங்க, உனக்கு என்கிட்டச் சொல்ல மனசு வரலைன்னு நினைச்சேன்."

"அம்மா, அப்படியெல்லாம் யாரும் எதுவும் சொல்லல. எனக்குத்தான் பயம். போனா அவர் என்ன சொல்லிடுவாரோன்னு... சொல்லிட்டா அப்புறம் என்ன பண்றது? அதான் தள்ளித் தள்ளிப் போட்டேன்."

நான் மாமியார் பக்கம் திரும்பினேன். "அதுக்காகத்தான் எங்களை இப்பவே போங்க, இப்பவே போங்கன்னு விரட்டினீங்களா அத்தை?"

"பின்ன? நான் இருக்கிறப்பவே நீங்க ஒரு தடவை சந்தோஷமாப் போயிட்டு வந்துடணும்னு இருந்தேன். அப்புறம் துக்கத்துல எங்க போவீங்க?"

இவ்வளவு நாளும் ஒரே வீட்டில் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, அந்த மனுஷி தன் சாவைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இந்த மனிதரோ டிக்கெட் வரைக்கும் துணிந்துவிட்டு, இன்சூரன்ஸ் என்றதும் அம்மாவுக்கு ஏதாவது ஆகும் என்று தன் வாயாலேயே சொல்வதுபோல் நடுங்கியிருக்கிறார். இரண்டு பேரையும் அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

"சார்... நான் லைன்லதான் இருக்கேன்" என்றது போன். "அப்புறமா கூப்பிடட்டுமா?"

"கூப்பிடும்மா" என்றேன் நான். "நாங்க முதல்ல டாக்டரைப் பார்த்துட்டு வந்துடறோம்."

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் இவர் முகத்தைப் பார்த்து நர்ஸ் இவரைத்தான் நோயாளி என்று நினைத்து உட்காரச் சொன்னாள். பழைய டாக்டர் வேறு ஊருக்குப் போய்விட்டாராம். புதிதாக ஒரு பெண் டாக்டர். மாமியாரைப் படுக்க வைத்து ஸ்கேன் பார்த்தார். திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அறையில் நாங்கள் இருவரும் மூச்சுவிட்டதாகவே எனக்கு நினைவில்லை.

"வால்வு பிரமாதமா வேலை செய்யுது" என்றார் டாக்டர். "மாடி ஏறுங்க, கடைக்குப் போங்க, ஊர் சுத்துங்க. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க. ஆனா ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க?"

"என் பையனுக்கு உடம்பு சரியில்ல டாக்டர்" என்றார் மாமியார். "பயக் காய்ச்சல். இப்பத்தான் விட்டிருக்கு."

வெளியே நடைபாதையில் என் கணவர் ஒரு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான். மாமியார் அவர் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு குட்டிய இடத்தையே தடவிக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் மாமியார் பேசிக்கொண்டே வந்தார். பல மாதக் கணக்கு. நான் பட்டாணிக் கறியில் உப்பே போடுவதில்லை, நாத்தனார் மகனுக்கு முடி வெட்ட வேண்டும், இவர் காரை ஓட்டவில்லை, உருட்டுகிறார். கேட்கக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. முன்னால் பஸ் நின்றது. இவர் ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினார்.

"என்னம்மா, மிதிக்கலையா? கால் மரத்துப் போச்சா?" என்றார் மாமியார்.

அப்போதுதான் கவனித்தேன். மிதிக்க மறந்தே போயிருந்தேன்.

வீட்டு வாசலில் கார் நின்றபோது டிராவல்ஸ் பெண்ணிடமிருந்து மறுபடி போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ரொம்ப நல்லா இருக்காங்கன்னு சொல்லிட்டாங்க" என்றார் என் கணவர், ஊருக்கே அறிவிப்பதுபோல். "இன்சூரன்ஸ் எடுத்துக்கறோம்."

"சரி சார். ரெண்டு பேருக்குத்தானே?"

"மூணு" என்றது பின் சீட்டு.

நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். மாமியார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அப்போதே கப்பலில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"அந்தக் கப்பல்ல இன்னொரு கட்டில் இருக்கான்னு பாரும்மா" என்றார் போனைப் பார்த்து. "டாக்டரே ஊர் சுத்தச் சொல்லிட்டாங்க."

"இடம் இருக்கும்மா. போட்டுடறேன். இன்சூரன்ஸ் பத்தி வேற ஏதாவது சந்தேகம் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு" என்றார் மாமியார். "இவங்க ரெண்டு பேருக்கும் கடைசி நேரத்துல உடம்புக்கு முடியாமப் போச்சுன்னா, நான் மட்டும் தனியாப் போயிட்டு வரலாமா?"