முதலை வாயில் ஐந்து துளை

எனக்குப் பிடிக்காத வார்த்தை 'சும்மா'. "சும்மா ஒரு முதலைத் தலை செஞ்சு குடுங்க" என்றார் எங்கள் நாடகக் குழுவின் இயக்குநர். வாய் அசையாத தலை என்றால் சும்மா செய்துவிடலாம். உள்ளே இருப்பவன் பேசப் பேச முதலையும் வாயைத் திறந்து மூட வேண்டும் என்றால் அதில் சும்மா எங்கே இருக்கிறது? பதினெட்டு வருஷமாக இந்த அரங்கத்தின் பின்னறையில் உட்கார்ந்து, துணி இறக்கைகளை விரிய வைத்தும் ஃபோம் வால்களை ஆட வைத்தும் பிழைக்கிறேன். ஒருவரும் ஒருநாளும் உள்ளே இருக்கும் கம்பியைப் பார்த்துக் கைதட்டியதில்லை. போகட்டும்.

முதலையாக நடிக்க வேண்டியவன் என் மச்சான், மனைவியின் தம்பி. கடைசி வரிசையில் தூங்குகிறவனையும் எழுப்பிவிடும் குரல் அவனுக்கு. நாடகத்தை எழுதியவள் என் மனைவி. ஆக, குடும்பமே சேர்ந்து ஒரு முதலையை வளர்த்தோம்.

ஒத்திகை தொடங்குவதற்கு ஏழு வாரம் முன்பு அவன் சைக்கிளிலிருந்து விழுந்து தாடையை உடைத்துக்கொண்டான். ஆறு வாரம் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டி வைத்தார்கள். கம்பியை எடுத்த பிறகு பார்த்தால் வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. மூன்று விரல் நுழைய வேண்டும் என்றார் டாக்டர். ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே செருகி, தினமும் ஒரு குச்சி கூட்டி, வலித்தாலும் பழக வேண்டும். இரண்டு மாதத்துக்குள் திறக்காவிட்டால் உள்ளே இறுகி அப்படியே நின்றுவிடும். பிறகு மேடையும் இல்லை, அந்தக் குரலும் இல்லை. குச்சிக் கட்டு பிரிக்காமலே எங்கள் அலமாரியில் கிடந்தது. கேட்டால் "நாளைக்கு" என்பான். முன்பெல்லாம் பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவன் அந்த ஒற்றை வார்த்தையோடு எழுந்து போய்விடுவான்.

வேறு ஆள் பார்க்கட்டுமா என்று இயக்குநர் கேட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"ஆளை மாத்த வேணாம். நான் கம்பியை மாத்துறேன்" என்றேன்.

கணக்கு எளிது. மச்சானின் முகவாய்க்கு அடியில் ஒரு கிண்ணம், ஹெல்மெட் நாடாவில் இருப்பதைப் போல. அதிலிருந்து ஒரு கம்பி முதலையின் கீழ்த்தாடைக்குப் போகிறது. அவனைத் தள்ளிவிட்ட அதே சைக்கிளின் ஸ்போக்கைத்தான் வெட்டிப் போட்டேன். செய்த பாவத்துக்கு அதுவும் கொஞ்சம் உழைக்கட்டும். கம்பியை முதலையின் தாடை மடங்கும் கீலுக்குப் பக்கத்தில் மாட்டினால், மச்சான் கொஞ்சம் அசைத்தாலும் முதலையின் மூக்கு நுனி நிறைய அசையும். கீலைவிட்டுத் தள்ளி மாட்டினால் அவன் நிறைய அசைக்க வேண்டும். முதலில் அட்டையில் வெட்டிக் குண்டூசி குத்தி ஆட்டிப் பார்த்தேன். பிறகு முதலைத் தாடையின் அலுமினியப் பட்டையில் கீலை ஒட்டினாற்போல ஒரு துளை போட்டேன். தாடையின் கனத்தைத் தாங்க இரண்டு ரப்பர் பட்டை. பேச்சு வெளியே கேட்கத் தலைக்குள் ஒரு சின்ன மைக்.

முதல் ஒத்திகையில் மச்சான் ஒரு விரல் திறந்தான், முதலை ஒரு சாண் திறந்தது. எச்சில் விழுங்கினால்கூடத் திறந்தது. "முதலைக்குப் பசி போல" என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"அவன் வாயைத் திறக்கணும்னு நான் உயிரை விட்டுட்டிருக்கேன். நீங்க என்னடான்னா, திறக்கவே வேணாம்னு வசதி பண்ணிக் குடுத்திருக்கீங்க."

"வேலை சுத்தமா இருக்கா இல்லையா, அதைச் சொல்லு."

"சுத்தம்தான். பூட்டு போட்ட மாதிரி சுத்தம்."

கோபத்தில் சாப்பிடாமல் படுத்தேன். ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. சிறிய அசைவைப் பெரிதாக்கு என்றால் பெரிதாக்கிவிடுவேன். எதற்கு அது சிறிதாக இருக்கிறது என்று கேட்கிற புத்தி எனக்கு இல்லை. சுத்தியல் வைத்திருக்கிறவனுக்கு வைத்தியம் எப்படித் தெரியும்? எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன், அந்தப் பட்டையில் இன்னும் நான்கு துளை போட்டேன். துளைக்குத் துளை அரை அங்குலம், கீலைவிட்டுத் தள்ளித் தள்ளி. நாடகத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. வாரம் பிறந்தால் கம்பியைப் பிடித்திருக்கும் ஆணியைக் கழற்றி அடுத்த துளையில் மாட்டுவேன். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதலைக்கு அதே ஒரு சாண் வாய் வேண்டுமென்றால் மச்சான் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

"மாமா, வாய் கம்மியா திறக்குது" என்றான் இரண்டாவது வாரம்.

"ரப்பர் மக்கர் பண்ணுது. இன்னும் கொஞ்சம் திறந்து பாரு, சரியாயிடும்."

வாய் கூசாமல் பொய் சொன்னேன். அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி தலையை மாட்டினான். உள்ளே வலிக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது லேசாக இல்லை.

இதற்கிடையில் என் மனைவி தன் பங்குக்கு ஒரு வேலை செய்தாள். 'ஈ' என்று சொல்லிப் பாருங்கள், தாடை அசையவே அசையாது. 'ஆ' என்றால் இறங்கித்தான் ஆக வேண்டும். முதலை பேசும் வசனங்களிலிருந்து அவள் 'ஈ'களை ஒவ்வொன்றாக விரட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சொல்லவில்லை, நானும் ஆணியைப் பற்றி அவளுக்குச் சொல்லவில்லை.

நான்காவது வாரம் அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. ஐந்தாவது துளைக்கு ஆணியை மாற்றிய அன்று என்னால் பொறுக்க முடியவில்லை. இயலாதவனை ஏமாற்றுகிறோமே என்று மனசு உறுத்தியது. மாலையில் அவன் பின்னறைக்கு வந்ததும் சொல்லிவிட்டேன்.

"மச்சான், ரப்பர்ல ஒண்ணும் இல்லை. நான்தான் வாராவாரம் ஆணியை நகர்த்திட்டே வந்தேன்."

"தெரியும் மாமா."

"எப்படிடா?"

"அக்கா வசனத்தை வச்சுத்தான் சந்தேகமே வந்துச்சு. 'நீ இனி இங்கே நில்'னு இருந்தது. 'வா, வா, தாராளமா வா'ன்னு ஆயிடுச்சு. எந்த முதலை இப்படி விருந்துக்குக் கூப்பிடும்? உடனே முதலைத் தலையைத் திருப்பி உள்ள பார்த்தேன். அஞ்சு துளை."

"பின்ன ஏன்டா வாயைத் திறக்கல?"

"அதைத்தானே திறந்துட்டிருந்தேன்" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். "கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்க மாமா. குச்சியை வச்சா வலி மட்டும்தான் தெரியுது. எங்க மறுபடி உடைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு. முதலைக்குள்ள இருந்தா அடுத்த வசனம் வந்துடுது, பயப்பட நேரமில்லை."

கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்தேன்.

"அளந்து பாருங்க" என்று வாயைத் திறந்தான்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து மூன்று விரலைச் சேர்த்து நீட்டினேன். இரண்டு தாராளமாகப் போயின. மூன்றாவது ஒட்டி உரசிக்கொண்டு நுழைந்தது. போதும் என்று சொல்ல வாயெடுத்தேன், கடித்துவிட்டான். விளையாட்டுக் கடி இல்லை. மூன்று மாதமாகக் கரைத்ததையே குடித்துக்கொண்டிருந்தவன், பல்லுக்கு இன்னும் பலம் இருக்கிறதா என்று பார்க்கிறவன் கடிக்கிற கடி.

"ஐயோ, விடுடா!"

சத்தம் கேட்டு ஓடிவந்த என் மனைவி வாசலிலேயே நின்றாள். தம்பியின் வாயையும் என் விரல்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூர்க்கனும் முதலையும் கொண்டது விடாதுங்க" என்று சிரித்தவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நன்றாக வலித்தது. ஆனால் விரலை இழுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.