டீச்சரின் சிவப்பு கர்சர்

அறிவியல் டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட நீளம். அடிக்கிற கை என்று நினைத்துவிடாதீர்கள், திருத்துகிற கை. கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தால்கூட வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் பேனாவைத் தேடுகிற ரகம்.

அப்படிப்பட்டவர்தான் ஏழாம் வகுப்புக்காக ஆன்லைனில் ஒரு பொதுப் பக்கம் திறந்து கொடுத்தார். தண்ணீர் எப்படி ஆவியாகிறது, ஆவி எப்படித் திரும்பவும் தண்ணீராகிறது என்பதைப் பிள்ளைகள் வீட்டிலேயே வீடியோ எடுத்து அதில் போட வேண்டும். கீழே எல்லோரும் சேர்ந்து விளக்கம் எழுத வேண்டும். எழுதுகிறவரின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு வண்ணக் கர்சர் திரையில் ஓடும். பெயர் வைக்கச் சொன்னால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? 'சிங்கம்', 'தூக்கம் வருது', 'வாயாடி' என்று ஆளாளுக்கு ஒன்று வைத்துக்கொண்டார்கள். டீச்சர் மட்டும் 'டீச்சர்' என்றே வந்தார். அவருக்கு வாய்த்த நிறம் சிவப்பு.

வீடியோக்கள் குவிந்தன. எழுத்துதான் வரவில்லை. ஒரு பிள்ளை நாலு வார்த்தை தட்டும். சிவப்பு கர்சர் மெல்ல அந்தப் பக்கம் நகரும். அவ்வளவுதான், பிள்ளை கப்சிப். கொஞ்ச நேரம் கழித்துப் பாடப்புத்தகத்து வாக்கியம் ஒன்று அப்படியே வந்து உட்காரும். தப்பே இல்லாத வாக்கியம், இருந்து என்ன பிரயோஜனம்?

தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். "புக்கைப் பாத்து எழுதுறதுக்கு எதுக்கும்மா இன்டர்நெட்? வெள்ளிக்கிழமை வந்து பாக்குறேன். பசங்க சொந்தமா எழுதியிருந்தா நடத்துங்க. இல்லேன்னா பழையபடி நோட்ஸ் கொடுங்க."

நோட்ஸ் என்றாலே டீச்சருக்கு வேப்பங்காய். தான் சொல்வதும் அவர்கள் எழுதுவதுமாக இத்தனை வருஷம் ஓட்டியாயிற்று. இந்தப் பக்கத்தைத் திறந்த பிறகுதான் வேலைக்குப் போவதே அவருக்குப் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் கணவரின் லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கடைக்காக அவர் வைத்திருந்த அக்கவுண்டின் பெயர் 'ஃப்ரிட்ஜ் டாக்டர்'. இருந்த அவசரத்தில் டீச்சர் அதிலிருந்து வெளியே வராமலே பக்கத்தைத் திறந்துவிட்டார்.

பிள்ளைகள் நாலைந்து பேர் உள்ளே இருந்தார்கள். ஒருவரும் எழுதுவதை நிறுத்தவில்லை. பரவாயில்லையே என்று டீச்சர் ஒரு வாக்கியம் எழுதினார். 'வெப்பத்தினால் நீரானது நீராவியாக மாற்றமடைந்து, குளிர்ந்த பரப்பில் மீண்டும் நீராகிறது.'

முற்றுப்புள்ளி வைத்து முடிக்கவில்லை, வாக்கியத்தைக் காணோம்! ஓரத்துப் பேச்சுப் பெட்டியில் வாயாடியின் வரி வந்து விழுந்தது.

"ஏய் ஃப்ரிட்ஜ், டீச்சர் மாதிரி எழுதாத. யாருக்குப் புரியும்?"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையின் மூலையில் 'ஃப்ரிட்ஜ் டாக்டர்' என்ற பெயரைப் பார்த்தார், விஷயம் புரிந்தது. வெளியே வந்து தன் பெயரில் நுழைந்திருக்கலாம். ஆனால் விரல் கேட்கவில்லை.

"எனக்கே புரியல. பாத்திரத்து மூடியில தண்ணி எங்கேருந்துதான் வருது?" என்று தட்டினார்.

"மூடிக்கு வேர்க்குது," என்றான் 'தூக்கம் வருது'.

"மூடிக்குத் தோல் இருக்கா, வேர்க்குறதுக்கு? ரெண்டு பேரும் சரியான மக்கு!" என்று வாயாடி எழுதினாள். "இருங்க, காட்டுறேன்."

சற்று நேரத்தில் புது வீடியோ ஒன்று வந்தது. கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே ஒரு குளிர்ந்த தட்டு, தட்டின் அடியில் பூத்துப் பூத்துச் சொட்டுகிற துளிகள். பின்னாலிருந்து அவள் அம்மாவின் குரல்: "அடுப்புக்கிட்ட என்னடி கூத்து?" அதற்குக் கீழே பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு எழுதினார்கள், சண்டை போட்டார்கள், அழித்தார்கள், திரும்ப எழுதினார்கள். டீச்சர் ஒரு வார்த்தையைத் தொடவில்லை. கணவர் கூப்பிட்டது காதில் விழாத அளவுக்கு அவர் சந்தோஷமாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் லேபில் அந்தப் பக்கத்தைப் பெரிய திரையில் பார்த்த தலைமையாசிரியை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு பேச்சுப் பெட்டியைப் படித்தவர் முகம் மாறியது.

"யாரு இந்த ஃப்ரிட்ஜ் டாக்டர்?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் இல்லை, அவன் இல்லை என்று தலைகள் ஆடின.

"வெளியாள் ஒருத்தன் உள்ள வந்து பசங்ககூடப் பேசியிருக்கான்! முதல்ல இதை மூடுங்க டீச்சர்."

டீச்சர் எழுந்து நின்றார். "நான்தான் மேடம். வீட்டுக்காரர் அக்கவுண்ட்ல தெரியாம நுழைஞ்சுட்டேன். தெரிஞ்சப்புறமும் வெளிய வரல."

வாயாடி வாயைப் பொத்திக்கொண்டாள். மக்கு என்றல்லவா சொல்லித் தொலைத்திருக்கிறாள்!

தலைமையாசிரியைக்குக் கோபம் இறங்கியது, சந்தேகம் இறங்கவில்லை. "சரி. ஃப்ரிட்ஜுக்கு எழுதினாங்க. உங்களுக்கு எழுதுவாங்களா?"

அந்தக் கேள்வி டீச்சரைக் குத்தியது. பிள்ளைகளைத் தங்கள் கம்ப்யூட்டர்களில் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். தானும் தன் பெயரில் நுழைந்தார். சிவப்பு கர்சர் இறங்கி வந்து, துணி காயும் வீடியோவுக்குக் கீழே நின்றது. 'துணியிலுள்ள நீர் ஆவியாகி வளிமண்டலத்தைச் சென்றடைகிறது' என்று எழுதிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

திரையில் எதுவும் அசையவில்லை. யாரோ இருமினார்கள்.

அப்போது வாக்கியத்தின் கடைசி எழுத்து மறைந்தது. அதற்கு முந்தைய எழுத்தும் மறைந்தது. பின்னாலிருந்து ஒவ்வொன்றாக வாக்கியம் முழுவதும் கரைந்து போயிற்று. அந்த இடத்தில் பச்சை கர்சர் ஒன்று 'வாயாடி' என்ற பெயரோடு துடித்துக்கொண்டு நின்றது.

"அழிச்சது நான்தான் டீச்சர்," என்று கடைசி பெஞ்சிலிருந்து சின்னக் குரல் வந்தது. "கோவமா?"

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

"கோவமாவது ஒண்ணாவது! மேல எழுதும்மா."