கூரையில் நின்ற மேட்டு மரம்

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்த டெல்மர், டப்பாவிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கோழி வறுவலுக்குப் பக்கத்தில் வைத்தான். அதைப் பார்த்ததும் அவன் அக்கா நொரீனுக்குச் சாப்பாடு மறந்துபோயிற்று. சாம்பல் நிறக் கல்லில் ஊசி ஊசியாக இலைகள் அடர்ந்த ஒரு சின்னக் கிளை.

"எங்கேடா எடுத்தே?"

"எங்க சுரங்கத்துலதான். கிழக்குப் பக்கம் கூரை இடிஞ்சு விழுந்துச்சு, அதுல கிடந்தது. வேண்டாம்னா சொல்லு, கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கிறேன்."

நொரீன் பல்கலைக்கழகத்தில் கல்லாகிப்போன தாவரங்களை ஆராய்பவள். தெற்கு இல்லினாய் மாநிலத்து நிலக்கரி எல்லாம் முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் சதுப்புக்காடாக இருந்தது. ஊசியிலை மரங்களோ வறண்ட மேட்டு நிலத்தைச் சேர்ந்தவை. மழை குறைந்து சதுப்பு காய்ந்தபோதெல்லாம் அவை மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கி வந்தன, ஈரம் திரும்பியதும் பின்வாங்கின என்று அவள் வெகுநாளாகச் சொல்லிவந்தாள். மற்றவர்கள் ஒப்பவில்லை. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த சருகு என்று தள்ளிவிட்டார்கள். பள்ளத்து மண்ணில் வேரோடு நின்ற ஒரு மரத்தைக் காட்டினாலொழிய அந்த வாய்களை அடைக்க முடியாது.

"அந்த இடத்தை நான் பார்க்கணும்."

"வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்தையே சுவர் வெச்சு மூடுறாங்க. கூரை சரியில்லக்கா."

"அதான் அவசரம்."

சுரங்க மேலாளர் தயங்கித்தான் அனுமதி கொடுத்தார். கூரையைச் சோதிப்பது டெல்மரின் வேலை. அவன் கூடவே இருக்கவேண்டும், அவன் வா என்றால் வந்துவிடவேண்டும் என்றார். வியாழன் காலை இருவரும் உள்ளே போனார்கள்.

டெல்மர் கடப்பாரையால் கூரையைத் தட்டித் தட்டி நடந்தான். 'டங்' என்று கேட்டால் கெட்டி. 'பொத்' என்று கேட்ட இடங்களில் அவளைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனான். பொத் பொத் என்று அடிக்கடி கேட்டது.

கூரை இடிந்து விழுந்த இடத்தில் நொரீன் விளக்கை மேலே காட்டினாள். கூரை முழுக்க ஊசியிலைக் கிளைகள், ஒன்றுகூடச் சிதையாமல். வெள்ளத்தில் உருண்டு வந்திருந்தால் இப்படி இருக்காது. அவற்றுக்கு நடுவில் வண்டிச் சக்கரம் போல ஒரு வட்டம் தெரிந்தது.

"கொப்பரை," என்றான் டெல்மர். குரல் இறங்கிவிட்டது.

நின்றபடியே கல்லாகிப்போன அடிமரத்தைச் சுரங்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சுற்றிலும் வழவழவென்ற கரிப்பட்டை. எதிலும் ஒட்டியிருக்காது. சொல்லாமல் கொள்ளாமல் நழுவி விழும். அவர்கள் தெருவில் ஒருவர் அப்படித்தான் செத்தார்.

"அந்த ஓரம் வேரா இருக்கும்டா. கொஞ்சம் செதுக்கிப் பார்த்துட்டா போதும்."

"உனக்குப் பைத்தியமா? அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

"ஒரு முட்டுக்கட்டை வெச்சுக் குடு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே கட்டையை நிறுத்தி ஆப்பு அடித்தான். அவள் எக்கி நின்று உளியால் செதுக்கினாள். வேர்தான். சதுப்பு மரத்தின் வேர் போல இல்லை; களிமண்ணைத் துளைத்துக்கொண்டு பக்கவாட்டில் போயிருந்தது. மேலிருந்து அவள் கழுத்தில் பொடி உதிர்ந்தது.

"அக்கா, வா."

"இதோ."

"வான்னு சொல்றேன்ல!"

அவன் அவளுடைய இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்து எறிந்தான். கட்டை முறிந்தது. தூசி அடங்கியபோது கொப்பரை தரையில் கிடந்தது. அதன் அடியில் டெல்மரின் வலது பாதம் மாட்டியிருந்தது.

கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். அசையவில்லை. டெலிபோன் பெட்டி வெகு தூரத்தில். மேலே இன்னும் பொடி உதிர்ந்தபடி இருந்தது.

"நீ போய் ஆளைக் கூட்டிட்டு வா," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

"உன்னை இதுக்கு அடியில விட்டுட்டா? வாயை மூடு."

அவள் விளக்கு கல்லின் மேல் விழுந்தது. கிளைத்துப் பரந்த வேர்கள், அவற்றைப் பிடித்தபடியே களிமண். மரம் அங்கேயே முளைத்து அங்கேயே நின்றிருக்கிறது. இத்தனை வருஷமும் அவள் தேடியது அதுதான்.

டெல்மர் அவள் முகத்தைப் பார்த்தான். "அதுவா?"

"அதான்."

உளியை எடுத்து, வேர் பிரியும் கணுவில் வைத்து ஓங்கி அடித்தாள். கல் வெடித்தது. மறுபடி, மறுபடி. அழுதுகொண்டேதான் அடித்தாள். யாருக்காக அழுதாள் என்று பின்னால் அவளாலேயே சொல்ல முடியவில்லை. துண்டுகளை உதைத்துத் தள்ளிக் காலை விடுவித்து, அவனைத் தோளில் சாய்த்து நல்ல கூரை வரை இழுத்துப் போனாள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் மீதிக் கூரை பொலபொலவென்று இறங்கியது.

பாதத்தில் பல எலும்புகள் முறிந்திருந்தன. கால் தப்பியது, நடைதான் சாய்ந்துவிட்டது. அந்தப் பக்கத்தைச் சொன்னபடி மூடிவிட்டார்கள். நொரீன் ஞாயிற்றுக்கிழமை வந்த கிளையைப் பற்றி மட்டும் கட்டுரை எழுதினாள். வெள்ளச் சருகு என்றே பதில் வந்தது.

டெல்மருக்குத்தான் பொறுக்கவில்லை. "வேரை ரெண்டு பேரும் பார்த்தோம்னு எழுதேன்!"

"கல்லு எங்கேன்னு கேப்பாங்கடா."

"என் காலைக் காட்டு."

அடுத்த வசந்தத்தில் இந்தியானா பக்கத்துச் சுரங்கம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது, கூரையில் ஊசியிலை தெரிகிறது என்று. நொரீன் போனாள். சுரங்க வாசலில் வெகுநேரம் நின்றாள். பிறகு, கொப்பரைகளுக்கெல்லாம் இரும்புப் பட்டை போட்டு முடுக்கிய பிறகுதான் இறங்குவேன் என்று சொல்லிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.