சாப்பாட்டுப் பரீட்சை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கற்பனையில் பிறந்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் பொய். வெளிநாட்டுக்கு முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இலோயிலோ என்ற தீவுத் துறைமுக ஊரில் ஆங்கிலம் சொல்லித்தரும் வாத்தியார் நான். இந்த ஊரில் பெண்ணெடுத்து, இந்த ஊர்ச் சோறு தின்றே தலை நரைத்த தமிழன். என் பாடம் சாப்பாட்டுச் சொற்கள். கொறிப்பதற்கு ஒரு சொல், உறிஞ்சுவதற்கு ஒரு சொல், மெல்வதற்கு, விழுங்குவதற்கு, காணாததைக் கண்டதுபோல் அள்ளிப் போட்டுக்கொள்வதற்கு என்று தனித்தனியாக உண்டு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை பெய்த ஒரு மதியம், ஜொவெலின் என்ற இளம்பெண் கண் நிறையக் கனவுகளோடு—"

கனவாவது மண்ணாங்கட்டியாவது. அவளுக்கு இருந்தது பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். கப்பல் வேலைக்குப் போன புருஷன் எந்தத் துறைமுகத்திலோ வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். கனடா வேலை கிடைத்தால் மகள் படிப்பாள், இல்லாவிட்டால் மாட்டாள். அவ்வளவுதான் விஷயம். கனவை வெட்டிவிட்டேன்.

2

ஆளெடுக்க வந்தவள் பெயர் மிஸ் கோர்ட்னி. அவள் வைத்த பரீட்சை இது: நிஜ மேசை, நிஜச் சாப்பாடு, ஆங்கிலம் மட்டும். சாப்பிட்டுக்கொண்டே என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லவேண்டும். "நான் குழம்பை உறிஞ்சுகிறேன். நான் இறைச்சியை மெல்கிறேன்." மென்றுகொண்டே மெல்கிறேன் என்று எப்படிச் சொல்வது? வாத்தியார் எனக்கே தெரியாது.

(அன்று எல்லாரும் பேசியது ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன். அவர்கள் தடுமாறியதை அப்படியே எழுதினால் உங்களுக்குச் சிரிப்பு வரும். சிரிக்க விடமாட்டேன்.)

துவரையும் பன்றியும் பலாக்காயும் போட்ட குழம்பு, சோறு. மிஸ் கோர்ட்னி உள்ளே வந்ததும், ஜொவெலினோடு பரீட்சைக்கு உட்கார்ந்திருந்த என் மாணவன் ஆர்னெல் எழுந்து, "வாங்க மேடம், சாப்பிடலாம்" என்றான். இங்கே வாயில் சோறு வைத்திருப்பவன் தெருவில் போகிறவனைக்கூட அழைப்பான். அழைக்காவிட்டால்தான் வெட்கக்கேடு. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க" என்றாள் அவள்.

ஆர்னெலுக்கு அதோடு நாக்கு ஒட்டிக்கொண்டது. கொறிக்கிறேன் என்ற சொல் வரவில்லை, மெல்கிறேனும் வரவில்லை. பாதிச் சோறு தட்டில் இருக்கும்போதே அவள் சொன்னாள்: "போதும், நீங்க கிளம்பலாம்."

சாப்பிடுகிறவனைப் பாதியில் எழுப்பிவிடுகிறவளை நம் பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அச்சில் ஏற்ற முடியாத அந்த வார்த்தையை இந்த இடத்தில் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆர்னெல் எழுந்தான். "வரேன் இண்டாய்*. குழம்ப வுட்றாத, இன்னிக்கு ஏதோ நல்லாப் பண்ணியிருக்கானுங்க" என்று ஜொவெலினிடம் சொல்லிவிட்டு, மழையில் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு போனான். அவன் வீடு லியோன் மலைப்பாதையில் இருக்கிறது.

ஜொவெலின் தன் தட்டை இரண்டு கையாலும் பிடித்து மேசைமேல் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

இங்கே சாப்பாட்டுக்கு நடுவே யாராவது புறப்பட்டால், உட்கார்ந்திருப்பவர்கள் தட்டைச் சுற்றுவார்கள். போகிறவர் விபத்தில்லாமல் போய்ச் சேரவேண்டும் என்பதற்காக. நாம் 'போகிறேன்' என்று சொல்ல வாய் கூசி 'வருகிறேன்' என்கிறோமே, அந்த மாதிரி. மற்றவர்களும் தட்டில் கை வைத்தார்கள். மிஸ் கோர்ட்னி பார்த்ததும் எடுத்துவிட்டார்கள்.

* தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடப் பிறக்கவேண்டியதில்லை.

3

"என்ன பண்றீங்க ஜொவெலின்?"

"தட்டச் சுத்தறேன் மேடம்."

"அதான் ஏன்?"

"ஆர்னெல் போறாரு. வெளிய மழை, பாத மோசம்."

"அதுக்கும் தட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"பத்திரமா போய்ச் சேரணும்ல மேடம்."

மிஸ் கோர்ட்னி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இங்க பாருங்க. உங்க இங்கிலீஷ் ரொம்ப நல்லாருக்கு. உங்கள அனுப்பணும்னுதான் எனக்கும் ஆச. ஆனா ஒரு பெரியவர் வீட்ல, சாப்பாட்டு மேசையில இந்த மாதிரி மந்திரமெல்லாம் பண்ணா அவங்க பயந்துடுவாங்க. பதட்டத்துல கை ஆடிடுச்சு, வேற ஒண்ணுமில்ல. அப்படித்தானே? ஆமான்னு சொல்லுங்க, முடிச்சிடலாம்."

(இந்த இடத்தில் அவளுக்குக் கொம்பும் கோரைப்பல்லும் வைத்து எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் அன்பாகத்தான் கேட்டாள். கெட்டவளாக இருந்திருந்தால் திட்டிவிட்டு ஆறியிருப்பேன். அந்த அன்புதான் இன்னும் வயிற்றை எரிக்கிறது.)

4

முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் ஜொவெலின் நிமிர்ந்து "இல்ல" என்கிறாள். வசனம் ஒரு பக்கத்துக்கு ஓடியது. படித்தபோது எனக்கே புல்லரித்தது, அதனாலேயே சந்தேகம் வந்தது.

இன்னொன்றில் "ஆமா" என்கிறாள். கனடாவுக்குப் போகிறாள். பனி பெய்யும் ஊரில், யாரோ ஒரு கிழவரின் சமையலறையில் தனியாக உட்கார்ந்து தட்டைச் சுற்றி— சீ. இப்படிக் கண்ணீர் கறக்கிற கதைகளைப் படித்து நானே புத்தகத்தை விட்டெறிந்திருக்கிறேன்.

மூன்றாவதில் வாத்தியார் மேசையைக் குத்தி எழுகிறார். வாத்தியார் யார் என்று பார்த்தால் நான். அடுத்தவள் கதையில் நமக்கு எதற்கு வீரவேஷம்?

5

கடைசியில் ஜொவெலினையே போனில் பிடித்தேன். எந்த ஊரிலிருந்து பேசினாள் என்று சொல்லமாட்டேன். மூன்றாம் பகுதி வரைக்கும் அவளுடைய மொழியில் சொல்லிக் காட்டினேன்.

"ஆர்னெல அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்க சார். வண்டியத்தான் ஏதோ ஓடற வண்டி மாதிரி எழுதிட்டீங்க."

"அவன் அன்னிக்கு வீடு போய்ச் சேந்துட்டான்ல?"

"நான் சுத்தினேன்ல? சேராம?"

"சரிம்மா. நீ சொன்ன பதில எழுதணும். எழுதட்டா?"

"வேணாம் சார்."

"படிக்கிறவங்க விடமாட்டாங்களே."

"இல்லன்னு சொன்னேன்னு எழுதினா, ஆகா என்னா ரோஷம்னு கைதட்டிட்டுப் போய்ப் படுத்துக்குவாங்க. எம்பொண்ண அவங்களா படிக்கவைப்பாங்க? ஆமான்னு சொன்னேன்னு எழுதினா, ஐயோ பாவம்பாங்க. அவங்க கைதட்டும் வேணாம், பாவமும் வேணாம்."

"அப்ப கதைய எங்கதான் முடிக்கறது?"

"அந்தம்மா கேட்டாங்கல்ல, அங்கயே முடிங்க. கேட்டவங்க கேட்டபடி உக்காந்திருக்கட்டும். ஒரு தடவ பதில் சொன்னதே போதும் சார். உங்க கதைக்காக நான் எதுக்கு இன்னொரு தடவ சொல்லணும்?"

போனை வைத்துவிட்டாள்.

ஆகவே நான்காம் பகுதியை அடித்துவிடுங்கள். கதை மூன்றிலேயே முடிந்துவிட்டது. மிஸ் கோர்ட்னி சிரித்த முகத்தோடு காத்திருக்கிறாள். யாராவது பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், ஆர்னெலின் நாற்காலி காலியாக இருக்கிறது. போய் உட்காருங்கள். உங்கள் பிள்ளையின் படிப்பை மேசைமேல் வைத்துவிட்டு, நீங்கள் சொல்லுங்கள்.