சுருட்டுக்கடைப் பொம்மையின் படம்

பாலேஸ்வரி படத்துக்கு மாலை போட்டுவிட்டு, குத்துவிளக்கைப் பெட்டியின் தலைமாட்டுக்கு நகர்த்தினாள். அப்பா சோமசேகரம் விடியப்புறம் நித்திரையிலேயே போய்ச் சேர்ந்திருந்தார். வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூட இல்லை; எண்பத்தேழில் சண்டைக்குப் பயந்து ஓடியபோது ஆல்பம் எங்கோ விழுந்துவிட்டது. அதே கிழமை அப்பாவின் சுருட்டுக்கடையும், அதன் வாசலில் இருந்த மரப்பொம்மையும் எரிந்து போயின. அந்தப் பொம்மையைப் பார்த்துச் சித்திர மாஸ்டர் முத்துக்குமாரு எப்போதோ வாட்டர் கலரில் வரைந்த படம்தான் இது. தலைப்பாகை, முறுக்குமீசை, கையில் சுருட்டு. அப்பாவைப் பார்த்துச் செதுக்கியது என்று நீர்வேலி ஊரே நம்பியிருந்தது. இனி அப்பாவின் முகமென்று அவளுக்கு மிஞ்சப்போவது இந்தக் கடதாசி ஒன்றுதான்.

"சோமண்ணையேதான்," என்றார் முத்துக்குமாரு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. "கன்னத்துக் குழியைப் பாருங்கோ. சிரிப்பை அடக்கிக்கொண்டு இருக்கிறார்."

அப்பா சிரிப்பை அடக்கியதை யாரும் கண்டதில்லை, சிரித்தால்தானே அடக்குவதற்கு.

காலையிலிருந்து வாய் திறக்காத அம்மா இராசமலர் அப்போதுதான் நிமிர்ந்தாள்.

"எடியே, மாலையைக் கழட்டு! நான் இன்னும் சாகேல்லை!"

பந்தலில் இருந்த சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

"அது நானடி, கலியாணம் முடிச்ச புதிசிலை! கோயில் வாகனம் செய்யிற ஆசாரியார் அவரைப் பாத்துச் செதுக்கத்தான் வந்தவர். உன்ரை கொப்பர் ஒரு இடத்திலை இருக்கிற மனுசனே? கடைக்கு ஆள் வந்தால் எழும்பி ஓடிடுவார். கடைசியிலை என்ரை தலையிலை துவாயைச் சுத்தி இருத்திவிட்டார். மீசை மட்டும் ஆசாரியாரின்ரை உபயம். ஊருக்குச் சொல்லாதை எண்டு சத்தியமும் வாங்கினவர்."

முதலில் சிரித்தது முத்துக்குமாரு. பிறகு பந்தலே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், கன்னத்தில் குழி விழ.

பாலேஸ்வரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாலையைக் கழற்றிக் கையில் எடுத்தாள். "அப்ப அப்பா எங்கையம்மா?"

"கை அவரின்ரைதான். எனக்குச் சுருட்டுப் பிடிக்கத் தெரியாதெண்டு, அதுக்கு மட்டும் அரைநாள் அசையாமல் இருந்தவர்."

படத்தில் சின்னவிரல் மற்ற விரல்களோடு சேராமல் தனியே நீட்டி நின்றது. பாலேஸ்வரி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நெஞ்சின்மேல் கோத்து வைத்த கைகளிலும் அந்த விரல் அடங்காமல்தான் நின்றது. மாலையை அந்தக் கைகளின்மேல் வைத்தாள்.

பிறகு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, படத்தின் மீசையை ஒரு விரலால் மறைத்துப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் அம்மா, அப்பாவின் கையால் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள்.