ஒரு வாளி கடல்தண்ணி

ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும்போதே பிரேக் சூடேறி, எங்கள் விமானம் நின்றுவிட்டது. சன்னல் வழியே பார்த்தால் சக்கரத்தில் புகை! பெரியபட்டினம் கரையில் படகோடு இருந்த மச்சான் சதக்கத்துல்லாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன்.

"யா அல்லாஹ்! தண்ணிய ஊத்தச் சொல்லு மாப்ள!"

"தீயணைப்புக்காரனுக தள்ளி நிக்கிறானுக மச்சான்! தானா ஆறணுமாம். கொதிக்கிற இரும்புல பச்சத்தண்ணி பட்டா வெடிச்சிருமாம்!"

"கூறுகெட்டவனுக! நம்ம படகு இஞ்சின் சூடானா ஒரு வாளி கடல்தண்ணிதான். நாங்க என்ன..."

மச்சான் நெற்றியில் அடித்துக்கொண்டார். போன வருஷம் இஞ்சின் விரிசல் விட்டதற்கு மெக்கானிக்கின் சட்டையைப் பிடித்தவர் அவர்.

அவருக்குப் பின்னால், புகையும் படகு இஞ்சின்மேல் ஊற்ற, படகில் வேலை பார்க்கும் காளிதாஸ் வாளியைத் தூக்கினான். மச்சான் பாய்ந்தார்.

"ஏலே, ஊத்தாத! கீழ வையிடா!"