முதலாளியின் பொல்லு

எங்கள் இலக்கிய வட்டத்தில் இலக்கியத்தைவிட வட்டிலப்பம் தின்பதுதான் அதிகம் என்று என்னைக் கட்டிய மாப்பிள்ளை கிண்டல் பண்ணுவார். பொய்யில்லை. வருஷத்துக்கு ஒருமுறை தாவூது மரைக்காரின் பிறந்த நாளுக்குக் கற்பிட்டியில் கூடுவோம். அவர் எழுதியது ஒரே நாவல், ‘ஏழாம் பாத்தி’. உப்பளத்தில் கூலிவேலை செய்யும் செய்னம்பு என்ற விதவையின் கைக்குழந்தையை, பிள்ளையில்லாத முதலாளி வளர்த்துத் தருகிறேன் என்று வாங்கிப் போய், தன் பிள்ளையாகவே பதிந்துவிடுகிறார். திருப்பிக் கேட்டு வந்தவளைத் தன் ஊன்றுபொல்லை ஓங்கி விரட்டுகிறார். அதை வாசித்து அழாதவர்கள் எங்களில் இல்லை.

அதிகம் அழுதவள் எங்கள் செயலாளர் ஜுனைதா. என் பக்கத்து வீட்டுக்காரி. ஒவ்வொரு வருஷமும் மேடையேறி அந்த முதலாளியைக் கிழி கிழியென்று கிழிப்பாள். ‘இவனெல்லாம் மனிசனா’ என்றுதான் பேச்சையே தொடங்குவாள். இந்த வருஷம் ஆளுக்கொரு பாத்திரமாக உடுத்து வர வேண்டும் என்று முடிவு செய்ததும் அவள்தான். அவள் செய்னம்பு. தலைவர் பதியுதீன் சேர் முதலாளி. எனக்குக் கிடைத்தது மருத்துவிச்சி வேஷம், போகட்டும்.

ஜுனைதாவின் உம்மா ரஹ்மா மாமி, எண்பதை எட்டப்போகிறவர், மகளின் வேஷத்தைப் பார்க்க முன்வரிசைக் கதிரையில் வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிரதம விருந்தினர் நஃபீஸா தாத்தா (எங்களுக்குத் தாத்தா என்றால் அக்கா), மரைக்காரின் மகள், புத்தளத்திலிருந்து முதல் தடவையாக எங்கள் விழாவுக்கு வந்தவர்.

தேத்தண்ணி முடிந்ததும் ஜுனைதா ஒரு துணிச்சுற்றைப் பிரித்து உள்ளே இருந்த பொல்லைப் பதியுதீன் சேரிடம் நீட்டினாள். தலைப்பிடி தந்தத்தில் செதுக்கிய நண்டு, அதில் ஒரு கொடுக்கு உடைந்தது. நாவலில் வருவது அச்சொட்டாக அப்படித்தான். சேர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். தனக்குக் கால் வலி, பொல்லு வேண்டாம் என்றார். கால் வலிக்காரருக்குப் பொல்லு வேண்டாமாம், எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஊரின் மூத்தவர்கள் யாருமே சிரிக்கவில்லை. நான் புத்தளத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், ஒன்றும் விளங்கவில்லை.

ஜுனைதா விடவில்லை. மேடையேறிப் பொல்லை உயர்த்திக் காட்டினாள். “இது எங்கட அப்பாட பொல்லு. உம்மாட வாப்பாவத்தான் நாங்க அப்பா எண்டுவம். தாய்க்குத் தாயா என்ன வளத்தவரு. மரைக்கார் இதப் பாத்துத்தான் அந்த முதலாளிட கையில குடுத்திருக்கார்” என்றாள். அவளுக்கு அவ்வளவு பெருமை.

நஃபீஸா தாத்தா கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பொல்லைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த ரஹ்மா மாமியைத் திரும்பிப் பார்த்தார்.

“யா அல்லாஹ். அப்ப அந்தப் புள்ள நீங்களா?”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று நஃபீஸா தாத்தாவுக்கே உறைத்தது. விட்ட வார்த்தையை விழுங்க முடியுமா? மெல்ல மெல்லச் சொன்னார். அது கற்பனையில்லையாம். மரைக்கார் அந்த உப்பளத்தில் வேலை பார்த்தவர், பொல்லு ஓங்கியதை நேரில் கண்டவர். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை, எழுதிக் காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. பெயர்களையெல்லாம் மாற்றியவர் பொல்லை மட்டும் மாற்றவில்லை. மகளிடம்கூட நடந்ததைச் சொன்னாரே தவிர ஆளைச் சொல்லவில்லை.

ஜுனைதா மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். “சேர், உங்களுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டாள்.

பதியுதீன் சேர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: “அடுத்தவன்ட அயிப, குறைய, மறைச்சா அல்லாஹ் நம்மட அயிப மறைப்பான், மகள். மவுத்தாகி மண்ணுக்குப் போன மனிசன். எப்பிடிச் சொல்லிய?”

நல்ல மறைப்பு! வருஷா வருஷம் அவள் வாயாலேயே அவள் பாட்டனாரைத் திட்டவிட்டு, முன்னால் இருந்து கைதட்டிக் கேட்டிருக்கிறார்கள். மார்க்கத்தை இதற்கா கற்றார்கள்?

ரஹ்மா மாமி அழவில்லை. தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல் பேசினார்.

“நோன்புப் பெருநாளைக்கு ஒரு பொம்புள வருவா. தருமத்துக்கு வெச்ச பித்ரா அரிசி குடுத்தா வாங்க மாட்டா. என்ட கையப் புடிச்சிட்டுச் சும்மா நிப்பா. பைத்தியம், கிட்டப் போகாதே எண்டு வாப்பா சொல்லுவாரு. நான் கல்யாணம் முடிச்ச வருஷமும் வந்தா. மாப்பிள்ள ஊட்டு ஆக்களுக்கு முன்னால வெக்கமாப் போச்சு. கைய உதறிட்டன். அதுக்குப் பொறகு வரல்ல.”

ஜுனைதா இறங்கி வந்து உம்மாவின் காலடியில் உட்கார்ந்து மடியில் முகம் புதைத்தாள். மாமி அவள் தலையைத் தடவவும் இல்லை, தள்ளவும் இல்லை. நஃபீஸா தாத்தாவிடம் திரும்பினார்.

“செய்னம்பு கதையில வெச்ச பேருதானே. எங்கட உம்மாட பேர் என்ன?”

தன் வாப்பா அதைச் சொல்லவில்லை என்றார் நஃபீஸா தாத்தா.

மாமி பதியுதீன் சேரைப் பார்த்தார். அவருக்குப் பக்கத்திலிருந்த மூத்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். முதலாளியின் பெயரை இத்தனை காலம் பொத்திப் பொத்திக் காத்தவர்கள்.

அவள் பெயர் அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.